பதினாறாம் பக்கம்

“மணற்குன்று கோயில் தல வரலாறு எழுதினது நீங்கதானா?” என்று போனில் ஒரு பெண் கேட்டபோது, யாரோ பாராட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தேழு வயதாகியும் பாராட்டு என்றால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். “ஆமா, முத்துகிருஷ்ணன்தான் பேசுறேன்” என்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

“அப்ப ஒடனே கெளம்பி வாங்க. வந்து அதுல இருக்கிறது பொய்யின்னு சொல்லுங்க. இல்லன்னா இங்கன ஒரு பிள்ள செத்துப்போயிரும்.”

பேசியவர் குல்சும், அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து தர்சனா என்ற இலங்கைப் பெண் தன் ஒன்பது வயது மகளோடு முந்தாநாள் காலையில் கோயிலுக்கு வந்து தங்கியிருக்கிறாள். மகள் பெயர் ஆரபி. ஆறு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகை அல்ல, நாள் தவறாமல் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும் என்கிற வகை. கோயிலுக்கு வந்ததிலிருந்து அம்மாக்காரி ஊசியை நிறுத்திவிட்டாள்.

“பொஸ்தகத்துல போட்டிருக்குங்கிறா. பதினாறாம் பக்கம். அந்தப் பக்கத்துல வெரல வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. பிள்ளைக்கு மூச்சு வாங்குது, வாயில பழ வாடை அடிக்குது. அந்த வாடை வந்துட்டா ரெம்ப நேரம் இல்லண்ணே. ஆம்புலன்ஸ் ரோட்டுல நிக்குது. கிட்டப் போனா பிள்ளையத் தூக்கிட்டுக் கெணத்துச் சொவத்துல ஏறிர்றா.”

“போலீசுக்குச் சொல்லலாமே?”

“சொல்லியாச்சு. அவங்க வந்து புடிக்கிறதுக்குள்ள குதிச்சிட்டான்னா? அவ நம்புறது ஒங்க பொஸ்தகத்த. எழுதுன ஆளு சொன்னாக் கேப்பா. வாங்கண்ணே, கெஞ்சிக் கேக்குறேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். அதை மறைக்க மாட்டேன். கண்டவள் கண்டதைப் படித்துவிட்டுக் குழந்தையைச் சாகக் கொடுத்தால் நான் என்ன செய்வது, படித்தவளுக்குப் புத்தி வேண்டாமா என்றுதான் தோன்றியது. அந்தக் கோபம் செருப்பை மாட்டுகிற வரைக்கும்தான் இருந்தது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ராமேஸ்வரம் சாலையில் போகும்போது அந்தப் பக்கம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. செய்த நல்லதெல்லாம் மறந்துவிடும், செய்த அயோக்கியத்தனம் மட்டும் எழுத்துப் பிசகாமல் நிற்கும்.

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. குடமுழுக்கு வந்தால் ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். வர்ணம் அடித்தாயிற்று, பந்தல் சொல்லியாயிற்று, இனி ஒரு தல வரலாறு வேண்டும். கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. “நீங்களே பாத்துப் போட்டு விடுங்க” என்பார்கள். நானும் பார்த்துப் போட்டுவிடுவேன். இந்தக் கடற்கரையில் ராமர் இளைப்பாறாத கோயில் கிடையாது. பாதி இடங்களில் அவரை உட்கார வைத்தவன் நான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள், அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எழுதி முடித்து “என்பது ஐதீகம்” என்று ஒரு வாலைக் கட்டிவிட்டால் எந்தப் பொய்யும் நிமிர்ந்து நின்றுகொள்ளும்.

மணற்குன்று கோயிலுக்கு உண்மையிலேயே வரலாறு இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். சேதுபதி ஒருவர் விளக்கெரிக்க நிலம் விட்ட கல்வெட்டு, உப்புக் காற்றில் பாதி அரித்துப்போய்க் கிடக்கிறது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்ரீகர்கள் தங்கிய மண்டபம் இருக்கிறது. பிறகு எப்போதோ மணல் மூடிக் கோயிலே காணாமல் போயிருக்கிறது. மூன்று தலைமுறையாக, காலுக்குக் கீழே சாமி இருப்பது தெரியாமல் அந்த மேட்டில் ஆடு மேய்த்திருக்கிறார்கள். தனுஷ்கோடியை அழித்த அறுபத்துநாலாம் வருஷப் புயல் இங்கே மணலை வாரிக்கொண்டு போய் விமானத்தை வெளியே காட்டியது. கூடவே கடலுக்கு இருநூறடி தூரத்தில், தித்திக்கிற தண்ணீரோடு ஒரு கிணறு. இதற்கு மேல் ஒரு கோயிலுக்கு என்ன அதிசயம் வேண்டும்?

இவ்வளவையும் எழுதி, திருப்பணிக் குழுவினர் படங்களையும் போட்டபோது பதினைந்து பக்கம் வந்தது. அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒரே தாளில் பதினாறும் ஏறும், மடித்து வெட்டினால் புத்தகம். கடைசிப் பக்கம் வெள்ளையாக நின்றது. குழுத் தலைவர் தவசி அண்ணன் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். மணற்குன்றில் நிலபுலன் உள்ள குடும்பம், நல்ல மனுஷன்.

“குடமுழுக்குப் பொஸ்தகத்துல வெறும் பக்கம் விடக்கூடாதுப்பா. சாமி காரியத்துல வெறுமை ஆகாது. எதையாச்சும் போடு” என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. பத்து நிமிஷத்தில் எழுதினேன். இலக்குவனுக்காக அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது, அதிலிருந்து ஒரு வேர் உதிர்ந்து இந்தக் கிணற்றில் விழுந்தது என்றேன். “தீராப் பிணியுடையோர் மூன்று பகலும் மூன்று இரவும் இக்கிணற்றடியில் தங்கி, இந்நீரன்றி வேறு மருந்து தீண்டாதிருப்பின், நான்காம் உதயத்தில் பிணி நீங்கி எழுவர் என்பது ஐதீகம்.”

வேறு மருந்து தீண்டாது என்பதை எதற்காகச் சேர்த்தேன் என்றால், நிபந்தனை இல்லாத வரத்தை நம் ஜனம் மதிக்காது. சும்மா கிடைக்கிற சாமியை யார் கும்பிடுவார்கள்? ஒரு முடிச்சு வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட முடிச்சு, முகம் தெரியாத ஒரு குழந்தையின் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது.

உச்சிப்புளி தாண்டி, கடலைப் பார்த்துத் திரும்புகிற மண் பாதையின் வாயில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்கு மேல் மணல், வண்டி ஏறாது. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். குல்சும் எதிரே வந்தார். தோளில் தடுப்பூசி எடுத்துப் போகிற நீலப் பெட்டி, கண் இரண்டும் சிவந்திருந்தன.

“காலையில ஒரு சொட்டு ரெத்தம் எடுக்க விட்டா. மிசின்ல நம்பரே வரல, அளவு தாண்டிருச்சுன்னு காட்டுது. அதோட சரி, பெறகு விடல. போலீசும் இன்னும் வரல. யா அல்லா, இது வரைக்கும் இப்பிடி ஒண்ணு நான் பாத்ததில்லண்ணே.”

கோயில் நான் பார்த்த கோயிலாக இல்லை. கிணற்றைச் சுற்றிச் சேலையையும் தார்ப்பாயையும் கட்டி முப்பது பேராவது தங்கியிருந்தார்கள். கால் வீங்கியவர்கள், தலைமுடி கொட்டியவர்கள், இழுத்துக்கொண்ட கையோடு ஒரு பெரியவர். எல்லோருக்கும் மேலே, மலையைத் தூக்கிய அனுமன் படத்தோடு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதில் இருந்தது என்னுடைய பக்கம். எழுத்துப் பிழைகூடத் திருத்தாமல் அப்படியே போட்டிருந்தார்கள்.

தர்சனா கிணற்றுச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மடியில் பிள்ளை. பாவாடைக்குக் கீழே கால் இரண்டும் குச்சியாகக் கிடந்தன. ஆரபி தூங்குகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் தூங்குகிற பிள்ளை அப்படி மூச்சு விடாது. மலை ஏறிவந்தவள் விடுகிற மூச்சு. நெஞ்சு முழுக்க ஏறி ஏறி இறங்கியது. நடுவில் உதட்டை அசைத்துத் “தண்ணி” என்றாள். தர்சனா செம்பிலிருந்து கிணற்று நீரை ஊட்டினாள். பிள்ளை அவசரமாகக் குடித்தது.

“பாத்தியளே, என்ன ஆசையாக் குடிக்கிறாள் எண்டு” என்றாள் யாரிடமோ.

பக்கத்தில் இருந்தது தவசி அண்ணனின் மனைவி சோணையம்மாள். அந்த அம்மா குனிந்து பிள்ளையின் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “வேரு வாசம் வந்துருச்சு. பழம் மாதிரி மணக்குது பாருங்கடி. சஞ்சீவி உள்ள எறங்கிருச்சு” என்றது. ரெண்டு மூன்று பெண்கள் வந்து முகர்ந்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். சாவின் வாடையைச் சாமியின் வாசம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, தர்சனா, நான் முத்துகிருஷ்ணன். அந்தப் பொஸ்தகம் எழுதினவன்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். “கடவுளே, நீங்களே வந்திட்டீங்கள். ஆரபி, கண்ணைத் திறந்து பார் அம்மா.”

“கும்பிடாதம்மா. அந்தக் கடைசிப் பக்கம் பொய். நானா எழுதுனது. வேரும் விழல, ஒண்ணும் விழல. ஒரு பக்கம் வெறுசா நின்னுச்சு, அத ரொப்புறதுக்குக் கத கட்டிப் போட்டேன். இது வெறும் கெணறு. பிள்ளைக்கு ஊசியப் போட விடு தாயி.”

சத்தமாகத்தான் சொன்னேன். முப்பது பேருக்கும் கேட்டது. ஒருவரும் நான் எதிர்பார்த்தபடி திடுக்கிடவில்லை. கள் குடித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

தவசி அண்ணன் மண்டபத்திலிருந்து இறங்கி வந்தார். “ஏப்பா முத்து, ஒனக்கு என்ன கோட்டி கீட்டி புடிச்சிருச்சா? நீயா எழுதுன? எங்க அய்யா சொல்லுவாரே இந்த வேரு கதைய. சின்னப் பிள்ளையில இந்தத் தண்ணியக் குடுத்துத்தான் எனக்கு மஞ்சக்காமாலை எறங்குச்சு.”

“அண்ணே, நீங்க எங் கடையில உக்காந்திருந்தீக. எதையாச்சும் போடுன்னீக. சாமி சத்தியமா ஞாபகம் இல்லையா?”

“போடுன்னேன். நீ இதப் போட்ட. எங்களுக்குத் தெரிஞ்சதத்தான போட்ட.”

“நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே எங்க மாமியா சொல்லுச்சே, இது அனுமாரு வேரு விழுந்த கெணறுன்னு. நல்ல தண்ணிக் கெணறுன்னு சும்மாவா பேரு வந்துச்சு?” என்றது சோணையம்மாள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். அவர்கள் கண்ணில் ஒரு துளி கள்ளம் இல்லை. நாலு வருஷத்தில் என்னுடைய பத்து நிமிஷக் கதை, செத்துப்போன அய்யாவின் வாய்க்குள்ளும் மாமியாரின் வாய்க்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த ஊரில் அந்தக் கதை தெரியாதவன் அதை எழுதிய நான் ஒருவன்தான்.

நான் மணலில் முட்டி போட்டேன். அழுகை வந்துவிட்டது. “தாயி, என் பிள்ளைக மேல சத்தியம். அது பொய்.”

தர்சனா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “எனக்கு விளங்குது ஐயா. நர்ஸம்மாதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவ. பிள்ளை சாகப்போகுதெண்டு சொல்லிப் பயப்படுத்தியிருப்பா. நீங்கள் நல்ல மனசில பொய் சொல்லுறியள்.”

“பொய் இல்லம்மா!”

“மூண்டு வருசமா ஒரு நாளைக்கு நாலு ஊசி ஐயா. கரண்ட் போனா மருந்து பழுதாப் போகுமெண்டு பானையில ஈர மணல் போட்டு வச்சிருப்பன். பிள்ளையின்ர வயிறெல்லாம் குத்திக் குத்திக் கட்டியாக் கிடக்கு. அவள்தான் கேட்டவள், அம்மா, மூண்டு நாள் ஊசி இல்லாம இருந்து பாப்பமா எண்டு. அதைக் கேட்ட பிறகு பெத்தவள் மாட்டன் எண்டு என்னண்டு சொல்லுறது? இண்டைக்கு மூண்டாம் நாள். நாளைக்கு விடிஞ்சா முடிஞ்சுது.”

“விடியாதுடி!” என்று குல்சும் கத்திக்கொண்டே ஓரடி முன்னால் வந்தார். தர்சனா பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு சுவரில் ஏறிவிட்டாள். “கிட்ட வராதேங்கோ! வந்தா ரெண்டு பேரும் இறங்கிடுவம்!” பிள்ளையின் தலை பின்னால் தொங்கியது. கூட்டம் குல்சுமைப் பார்த்துச் சத்தம் போட்டது. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல், கீழே விழுந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். தவசி அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, “சாமி பொஸ்தகத்தக் கிழிக்கிற வேலை வச்சுக்கிறாத” என்று தள்ளிவிட்டார்.

மணலில் விழுந்து கிடந்தேன். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, சத்தியம் செய்தாயிற்று, அழுதாயிற்று. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதையாக, ஊருக்கெல்லாம் மோட்சத்துக்கு வழி எழுதிக் கொடுத்த எனக்கு ஒரு தாயைச் சுவரிலிருந்து இறக்கத் தெரியவில்லை.

குல்சும் என் பக்கத்தில் குந்தினார். காதோடு சொன்னார்: “உண்மை எடுபடல. வேற எதையாச்சும் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் வருமே.”

அதைவிடக் கேவலமாக என்னை யாரும் திட்டியதில்லை. அதைவிட நல்ல யோசனையையும் யாரும் சொன்னதில்லை.

எழுந்து கைகால் கழுவினேன். மண்டபத்துத் தூணில் இருந்த கிண்ணத்தில் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன். குரலைச் சரி பண்ணிக்கொண்டு கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி நின்றேன்.

“தர்சனா, நான் பொய் சொன்னேந்தான். கெணத்தப் பத்தி இல்ல, இப்பச் சொன்னேனே, அது பொய். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அது வெளிய தெரிஞ்சா எம் பேரு கெட்டுப்போகும்னுதான் எல்லாமே பொய்யின்னு சாதிச்சேன்.”

கூட்டம் அடங்கியது. தர்சனா சுவரில் இருந்தபடியே, “என்ன பிழை?” என்றாள்.

“அந்தக் கதை இருந்த பழைய ஏட்டுல இன்னொரு வரி இருக்கு. அத நான் விட்டுட்டேன். அனுமாரு மலையக் கொண்டாந்தாரு, சரி. மலையப் பாத்த ஒடனே லெச்சுமணன் எந்திரிச்சிட்டாரா? சுசேணன்னு வானரக் கூட்டத்துல ஒரு வைத்தியரு. அவருல்ல மூலிகையப் பறிச்சு, கசக்கி, மூக்குல விட்டாரு? மல சாமி குடுத்தது. அதக் குடுக்கிற கை வைத்தியன் கை. கை இல்லாம மல வந்து என்னத்துக்கு? அதனால நோன்பு இருக்கிறவுக, உச்சி வேளையில வைத்தியன் கையால வர்ற மருந்த மறுக்கக்கூடாது. இந்தத் தண்ணிய அதுமேல தெளிச்சு ஏத்துக்கணும். வேற மருந்துன்னா இந்தத் தண்ணி படாத மருந்து. இதான் அந்த வரி.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையான முகத்தோடு நான் எதையும் சொன்னதில்லை.

“எல்லாரும் இருக்கினம், ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே” என்றாள்.

சோணையம்மாள் மோவாயில் கை வைத்து யோசித்தது. பிறகு, “ஆமாடி. சுசேணன். எங்க மாமியா சொல்லும். எனக்குத்தான் இம்புட்டு நேரமா நெனப்பு வரல” என்றது. தவசி அண்ணனும் மெல்லத் தலையாட்டினார். அந்த நிமிஷம் அந்த அம்மாவின் காலில் விழலாம்போல இருந்தது.

தர்சனா இறங்கினாள். குல்சும் ஓடி வந்து பெட்டியைத் திறந்தார். மருந்துச் சீசாவின் மேல் நானே கிணற்று நீரைத் தெளித்தேன். ஊசி ஏறியபோது பிள்ளை முகம் சுளிக்கவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. குல்சும் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. “இது மட்டும் பத்தாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்றார் மெதுவாக.

“அனுமாரு மலையவே வைத்தியருகிட்டத் தூக்கிட்டுப் போனாரு, நாம பிள்ளையத் தூக்கிட்டுப் போறதுக்கென்ன?” என்று அதற்கும் ஒரு கதை கட்டினேன். தர்சனா மறுக்கவில்லை. ஆரபியை நான்தான் தூக்கினேன். மணலில் கால் புதையப் புதைய ஆம்புலன்ஸ் வரைக்கும் ஓடினேன். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. பழ வாசனைதான்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரபி இறந்துபோனாள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க மருந்தை ஏற்றினார்கள், சர்க்கரையை இறக்கினார்கள், விடியற்காலையில் பிள்ளை ஒருமுறை கண் விழித்து அம்மாவைத் தேடியது என்றும் சொன்னார்கள். “ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட...” என்று டாக்டரம்மா ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியிலேயே கிடந்தேன். மாலை நாலரை மணிக்கு முகாமிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். திருப்பூரில் பெயிண்ட் அடிக்கிற தர்சனாவின் கணவன் சிவரூபன், வேலை பார்த்த சட்டையோடு வந்து பிணவறை வாசலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குல்சும் சுவரோடு சாய்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

தர்சனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். முதல் கதையும் பொய், கடைசியில் சொன்ன வரியும் பொய். ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை, பசியோடு இருந்த ஒரு முட்டாள்தான் இருந்தான். அடிக்கட்டும், செருப்பால் அடிக்கட்டும், போலீசில் சொல்லட்டும். அவள் எதிரே போய் நின்றேன். அவள் கண்ணில் நீர் இல்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

“ஐயா, நேற்று ஒரு வரி சொன்னீங்களே. வைத்தியன்ர மருந்தை மறுக்கக்கூடாது எண்டு.”

“ஆமாம்மா.”

“அதை இதில போட்டிருந்தா நான் ஊசியை நிப்பாட்டியிருக்க மாட்டன். போட்டிருக்கிற எல்லாத்தையும் நான் ஒழுங்காத்தானே செய்தன். ஒரு வரிதானே ஐயா. என்ர பிள்ளை இருந்திருக்கும். ஏன் அதை விட்டனீங்கள்?”

அப்படி ஒரு வரியே கிடையாது என்று சொன்னால், ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளையைப் பறிகொடுத்தேன் என்று அவள் மிச்ச நாளெல்லாம் தன்னையே தின்னுவாள். இப்போது அவளுக்குக் குற்றம் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அதோடு, அவள் சொன்னதில் எது தப்பு?

“விட்டுட்டேம்மா” என்றேன். “என் தப்புதான்.”

அவள் என்னை அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. புத்தகத்தைப் பதினாறாம் பக்கத்தில் விரித்து என்னிடம் நீட்டினாள்.

“எழுதுங்கோ.”

என் பையில் பேனா இருந்தது. பக்கத்தின் அடியில் அந்த வரியை எழுதினேன். அவள் வாங்கி, உதட்டை அசைத்து இரண்டு தரம் வாசித்தாள். பிணவறை வாசலில் இருந்த கணவனிடம் போய்க் குனிந்து, பிள்ளையோடு இருங்கோ, நான் வந்திடுறன் என்று சொன்னாள். திரும்பி வந்து, அந்தக் கிணற்றடியில் இன்னும் முப்பது பேர் கிடக்கிறார்கள், மணற்குன்றுக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.